தொங்கும் ரயில்

வுப்பர்டாலில் ரயிலுக்குச் சக்கரம் தலையில்.
தண்டவாளம் மேலே, ஆறு கீழே.
நடுவில் நாங்கள்,
விடியமுன் வேலைக்குப் போகிறவர்கள்,
மடியில் சோற்றுப் பெட்டி.

பன்னிரண்டு வருடம் இதில் தொங்கிப் போயிருக்கிறேன்.
ஃபோவிங்கலில் ஏறி பார்மனில் இறங்கி
ஒரு காப்புறுதிக் கம்பனியின்
நாற்பத்திரண்டு மேசைகளைத் துடைக்க.

ஒருமுறை இது ஆற்றில் விழுந்ததென்று
முதல் வாரமே யாரோ சொன்னார்கள்.
கேட்டுவிட்டும் ஏறினேன்.
மாத டிக்கெட் எடுத்தாயிற்று.

விசுவாசமும் அந்த நாட்களில் அப்படித்தான்.
எடுத்தாயிற்று, போகிறேன்.
ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை.
ஜேர்மன்காரர் வீட்டுக்குப் போனபின்
எங்களுக்குக் கிடைக்கும் கோவிலில்
அணைந்த மெழுகின் மணம்.
பிரசங்கத்தில் சுவாமியார் ‘வாழ்வின் அர்த்தம்’ என்பார்.
நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

அமலதாஸ் என் தம்பி.
சரணடைந்தவர்களின் பஸ்ஸில் ஏறியவன்.
ஜன்னலோரம் இருந்தான் என்றார் ஒருவர்.
இல்லை, நின்றபடி போனான் என்றார் இன்னொருவர்.
பதினைந்து வருடச் செபமும் ஒரே சொல்: எங்கே?
கடவுளின் மௌனத்தை
விசா மறுத்த கடிதங்களோடு மடித்து வைத்திருந்தேன்.
அவற்றிலாவது ஒரு கையெழுத்து இருந்தது.

மாசி மாதத்து வியாழன்.
ஆற்றின் நடுவில் வெளிச்சம் அணைந்து
பெட்டி நின்றது.
எதிரில் இரவு வேலை முடித்த ஒரு நர்ஸ்,
சட்டையில் இன்னும் பேர் அட்டை: ஹெய்கே.
“தண்ணீர் எவ்வளவு ஆழம்?” என்றாள்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.
காற்று எங்களை ஆட்டியது.
தொட்டில்போல என்று சொல்ல ஆசைதான்.
அப்படி இல்லை.
ஆணி கழன்ற பலகைபோல.

அவள் என் கையைப் பிடித்தாள்.
ப்ளீச்சில் வெடித்த கை.
வாய் தானாகத் தொடங்கியது,
ஆறு வயதில் பாடமாக்கிய செபம்.
அப்பம் கேட்கும் வரிக்கு வந்ததும்
அதுவும் நின்றது.
இன்றைக்கு.
நாளைக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.
இத்தனை வருடம்
எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்?

“யாரோடு கதைக்கிறாய்?”
விரலை மேலே காட்டினேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
“ஓம், சக்கரம் அங்கேதான்.”
பகிடியோ, வேறெதுவுமோ தெரியவில்லை.
பல் கிடுகிடுக்க இருவரும் சிரித்தோம்.

நாற்பது நிமிடம்.
பிடித்திருப்பது எதுவென்று
உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது.
இன்னும் விழவில்லை என்பது தெரியும்.
விழுந்த நாள் ஒன்று உண்டு என்பதும் தெரியும்.
இரண்டும் தெரிந்தபடிதான்
அவள் கையை நானும் இறுக்கினேன்.

பிந்தியதற்கு ஒரு மணிச் சம்பளம் வெட்டினார்கள்.
இருபத்தேழாம் மேசையில்
யாரோ ஊற்றிய கோப்பி
வட்டமாய்க் காய்ந்து கிடந்தது.
முழங்காலில் நிற்கவில்லை, குனிந்துதான் நின்றேன்.
தேய்த்தபடியே, “அமலதாஸ்” என்றேன்.
எங்கே என்று கேட்கவில்லை.
பெயரை மட்டும்,
கேள்விக்குறி இல்லாமல்,
யாரோ நீட்டிய கையில் வைப்பதுபோல.

பிறகு
இருபத்தெட்டாம் மேசை.