மூன்று தட்டு

தளியில் விடியலுக்கு முன் பதினொரு டிகிரி.
புழுக்களுக்கு இருபத்தைந்து வேண்டும்.
இடையிலிருக்கும் பதினான்கையும்
டீசல் ஊற்றித்தான் வாங்குகிறோம்.

ஓசூரில் மூடிப்போன ஒரு லாட்ஜின் கொதிகலன்.
யார் யாரோ குளித்துப் போன வெந்நீரைக்
காய்ச்சிக் காய்ச்சி அடிவயிறு கறுத்தது.
அன்வர் அதைக் குட்டியானையில் கொண்டுவந்து
மேற்கே, மார்கழிக் காற்று போகும் பக்கம், இறக்கினான்.
புழுமனை கிழக்கே.
எண்ணெய் வாடை பட்டால் புழு சுருண்டுவிடும்.
ஆக, வெந்நீர் எங்கள் வீட்டைக் கடந்துதான் போயாக வேண்டும்:
சமையலறைச் சுவர், கூடம், சாமி படங்களின் கீழ்,
சுவரில் ஓர் ஓட்டை, பிறகு புழுக்கள்.
திரும்புவது இன்னொரு குழாயில், பாதி ஆறி.

போகிற போக்கில் எங்களுக்கும் கொஞ்சம் சிந்தியது.
ரூபிணி பள்ளிக்கூட சாக்ஸை அதன்மேல் காயப்போட்டாள்.
வளைவில் பூனை.
பால் சொசைட்டி கெம்பண்ணா நோட்டோடு வந்து
முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்.
மழைக்காலத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்த கணக்கு
இப்போது முக்கால் மணி நேரம்.
கூடத்தில் சிந்தினால் புழுமனையில் ஒரு டிகிரி குறையும்.
மல்லேஷ் குழாய்க்குச் சாக்கு சுற்றினான்.
மகள் அவிழ்த்தாள்.
மறுநாளும் சுற்றினான். மறுநாளும் அவிழ்த்தாள்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எண்ணெய் தொட்ட கை இலை தொடக் கூடாது.
இளம்புழு வந்த நாளிலிருந்து கூடு கட்டும்வரை
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
அவன் தகரக் கொட்டகையில்
மூங்கில் குச்சி விட்டு டேங்கை அளந்தபடி.
நான் தட்டுகளுக்கு நடுவே
மல்பெரி நறுக்கியபடி.
அவன் சோற்றைப் படியில் வைத்துவிட்டுப் பின்வாங்குவேன்,
அம்மை கண்டவனுக்கு வைப்பதுபோல்.

குழாயில் தட்டிப் பேசிக்கொள்கிறோம்.
ஒரு தட்டு: எண்ணெய் நாலு விரல்தான்.
இரண்டு: அங்கே எத்தனை டிகிரி?
மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று
நாங்கள் முடிவு செய்யவே இல்லை.
சில இரவுகளில் மூன்று தட்டுகிறான்.

அன்று மூன்றாம் ஜுரம்.
இந்தப் பக்கம் ஜுரம் என்றால் நோயில்லை.
தோல் உரிக்கும் முன் புழு தின்பதை நிறுத்தி,
வாத்தியார் நுழைந்த வகுப்புபோல்
தலையைத் தூக்கி அசையாமல் கிடப்பது.
மெல்லும் ஓசை நின்ற புழுமனையில்
குழாயின் முனகல் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.
கை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல் இறங்குவதற்கு நான் பயந்தது அன்றுதான்.

இரண்டு தட்டினேன். பதிலில்லை.
மூன்று தட்டினேன்.
கூடத்து இருட்டிலிருந்து ரூபிணி சொன்னாள்:
"அப்பா எதையோ ஊதிக்கிட்டிருக்காரும்மா."

நாசிலைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தான்.
கக்கத்தில் டார்ச், உதட்டில் டீசல்.
வெளிச்சம் அவன் காலில் விழுந்தது, நாசிலில் விழவில்லை.
வராதே என்று கையாட்டினான்.
நான் நின்று யோசித்தேன்:
ஜுரத்தில் புழுவுக்கு இலை கிடையாது.
நாளை ராத்திரிவரை என் கைக்கு வேலை கிடையாது.
டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.
அப்புறம் அவன் கையையும்.

நாலாவது தடவை பர்னர் பிடித்தது.
தகரத்தில் எங்கள் நிழல் ஒன்றாய் ஆடியது.
இருபத்திரண்டு நாளில் முதன்முறை
ஒரே போர்வைக்குள் நின்றோம்,
எண்ணெயின் மட்டம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு.

மறுநாள் சுண்ணாம்பு போட்டு
முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன்.
முகர்ந்தேன். மறுபடி கழுவினேன்.
இலை போட்டதும் எல்லாத் தட்டும் எழுந்தது,
வடக்கு மூலையில் ஒன்றைத் தவிர.

குளிராக இருக்கும் என்றான் அன்வர்.
இருக்கலாம் என்றான் மல்லேஷ்.
நான் அந்தத் தட்டைக் கொட்டிப் புதைத்துவிட்டு வந்து
குழாயில் மூன்று தட்டினேன்.