கல்லுக்குக் கீழே காற்று

கஸெனாம்போ உயிரோடிருந்தபோது
அறுபத்தெட்டு கிலோ.
அவன் கல் அறுநூற்றுப் பத்து.
கரிபிப் குவாரிக்காரன் ரசீதில் எழுதியிருந்தான்,
பெயரை விட எடையைத் தெளிவாக.

பலகை சரித்து ஏற்றினோம்.
இருபத்தைந்து வருடத்து ஹைலக்ஸ்
குந்திய நாய் போல்
மூக்கை வானுக்குத் தூக்கிக்கொண்டது.
இரவில் விளக்கு தார் மேல் விழவில்லை.
முள்மர உச்சிகளில் அடைந்த கினிக்கோழிகளை
மரம் மரமாக எழுப்பிக்கொண்டே போனது.
எதிரே வந்த லாரிக்காரர்கள்
கண் கூசி, ஹாரனிலேயே திட்டினார்கள்.
ஊச்சோவில் நிறுத்திவிட்டேன்.

கவானப் வண்டிக்கு அடியில் மல்லாந்தபடி பேசுகிறவர்.
முகம் இன்று வரை சரியாகத் தெரியாது;
பூட்ஸ் தெரியும்.
அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே
பக்கத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் பை வைத்தார்,
இடுப்பில் கயிறு இறுக்கிய பூசணிக்காய் போல,
தளர்ந்துபோன பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாக.

இரண்டையும் ஒரே குழாயில் கோர்க்கலாமே
என்றேன், காசை நினைத்து.
"வளைவில் வண்டி சாயும்.
சாய்கிற பையின் காற்று மற்றதற்கு ஓடிப்போகும்.
சாய்ந்தது இன்னும் சாயும்.
வேண்டுமா?"
வேண்டாம்.
எண்பலகைக்கு இரு புறமும் இரண்டு வால்வு,
இரட்டை மூக்குத்தி.

பெட்ரோல் பங்க்கில் அடைத்தோம். மூன்று பார்.
யாரும் தூக்காமல்
ஒரு முனகலோடு வண்டி எழுந்தது.
விளக்கு சாலைக்குத் திரும்பியது.
ஆறு வாரத்தில் முதல் முறையாக
எனக்குச் சிரிப்பு வந்தது.

பூட்ஸ் சொன்னது:
"எடை குறைந்துவிட்டதென்று நினைக்காதே.
கடைசி கிலோ வரை அங்கேதான் இருக்கிறது.
முதுகு நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
அதை நம்பி விரட்டியவர்களின் சட்டம்
பை முட்டுகிற இடத்தில்தான் விரிசல் விட்டது."
என் அண்ணன் எதில் போனான் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கமன்யாப். ஓபுவோ. அதற்கப்பால் தார் கிடையாது.
வரிவரியாய் மடிந்த சரளையில்
முப்பதுக்கு மேல் போகவில்லை.
நிறுத்துகிற இடத்திலெல்லாம் அண்ணி உச்சிவா இறங்கி
சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு
ரப்பரைத் தொட்டுப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்க்கிறவள் போல.
பிற்பகல் வெயில் தன் பங்குக்கு
கால் பார் சேர்த்திருந்தது.

ஒக்காங்வாத்தியில் பதினாறு பேர் கல்லைப் பிடித்தார்கள்.
கல் நகர நகர வண்டி உயர்ந்தது.
முழுதும் இறங்கியதும்
பிருஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது,
வெட்கமே இல்லாமல்.
குழந்தைகள் கைதட்டின.
துக்கத்துக்கு வந்தவர்களில்
ஒருவரும் அதட்டவில்லை.

திரும்பும்போது காற்றை மறந்தேன்.
வெறும் வண்டி, முழு மூன்று பார்.
ஒவ்வொரு வரியிலும் பின்சக்கரம் தரையை விட்டது.
ஒரு வளைவில் நான் ஒரு பக்கம் திருப்ப
பின்பாதி தன் வழியே கிளம்பியது,
வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி.
நின்றோம். புழுதி எங்களைத் தாண்டிப் போயிற்று.
உச்சிவா எதுவும் கேட்காமல் இறங்கினாள்.

அவள் வலது வால்வு, நான் இடது.
சாவி முனையால் அழுத்த
ஊச்சோவின் காற்று வெளியே வந்தது,
டீசலும் பழைய ரப்பரும் மணக்க,
அறுநூற்றுப் பத்து கிலோவை இவ்வளவு தூரம் தாங்கிய காற்று,
ஒரு கைக்குட்டையைக்கூட அசைக்காமல்.
"முழுதும் விடட்டுமா?"
"அரை பார் இருக்கட்டும்.
காலியானால் ரப்பர் தன்னையே கடித்துக்கொள்ளும்."
அவள் அளவுமானியை வைத்துப் பார்த்தாள்,
மறுபடி பார்த்தாள்.

இடது மூடி மணலில் விழுந்துவிட்டது.
இருவரும் மண்டியிட்டுத் துழாவினோம், கிடைக்கவில்லை.
மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து
வால்வின் வாயில் ஒட்டினாள்.
ஊச்சோ வரை தாங்கியது.