இங்கே மிதிக்காதே

அஸ்தம்பட்டி பல் லேபில்
பகலெல்லாம் எனக்கு ஒன்றுக்கு ஒன்று.
கடைவாய்ப் பல் கடைவாய்ப் பல்லின் அளவே இருக்கும்.
அரை மில்லி கூடினால்
ஓமலூரில் யாரோ ஒருவர்
தட்டுவடையைக் கடித்து அலறுவார்.

இரவு ஒன்பதரைக்கு மேல்
ஒன்றுக்கு எழுபத்திரண்டு.

கன்னங்குறிச்சி மாடி வீடு. சாப்பாட்டு மேசை.
விரித்த தினசரி மேல்
சாம்பல் நிறச் சட்டங்களில் ஒரு போர் விமானம்,
மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்,
சக்கரங்கள் பாலிதீன் பைக்குள்.
மூவாயிரத்து நானூறு ரூபாய்.
பெட்டியைக் குலுக்கிப் பார்த்து
“பையனுக்காக்கா?” என்றான் கூரியர் தம்பி.
ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.
எனக்குப் பையன் இல்லை.

அரமும் இடுக்கியும் லேபிலிருந்து வந்தவை.
மெஹ்ராஜுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க முடியும்;
சித்திரை மாதம் வேறு.
புருவத்திலிருந்து ஒரு சொட்டு
இடது இறக்கையில் விழுந்தது.
காய்ந்த பிறகு பார்த்தால்
மழையில் நின்று வந்த விமானம் போலவே இருந்தது.
விட்டுவிட்டேன்.

இருக்கை இரண்டு. பெட்டியில் விமானி ஒருவன்தான்.
தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மூச்சுக்குழாய்.
வாயே இல்லை.
பல் செய்கிறவளுக்குப் போய் இப்படி ஒருவன்.

வழிகாட்டித் தாளில்
‘தோல் நிறம், எண் அறுபத்தொன்று’.
மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்பு.
யாருடைய தோல் அது?
காப்பிப் பொடி நிறம் மூன்று சொட்டு, மஞ்சள் ஒன்று,
என் முன்கையில் தடவித் தடவிப் பார்த்து
தடவிய இடம் தெரியாமல் போனதும் நிறுத்தினேன்.
பூச வேண்டிய இடமோ
கண்ணாடிக்கும் முகமூடிக்கும் நடுவே
ஒரு மயிரிழை.

இரண்டாம் ஆளை நானே செய்தேன்.
முதல் ஆளை அச்சுப்பசையில் அழுத்தி
பல் பிசின் ஊற்றி வைத்தால்
காலையில் இரட்டைப் பிறவி.
தோளை மட்டும் கொஞ்சம் சீவினேன்.
பின்னிருக்கைக்காரி.

எழுத்துகள் தண்ணீரில் ஊறி வருபவை.
எவர்சில்வர் மூடியில் வெதுவெதுப்பான நீர்,
முப்பது எண்ணினால் காகிதத்தை விட்டு நழுவும்.
மூச்சைப் பிடித்து இறக்கையில் சேர்த்தேன்,
கடுகில் பாதி எழுத்தில் ஓர் ஆணை:
இங்கே மிதிக்காதே.
மிதிக்க யார் இருக்கிறார்கள் என்று
எழுந்து போய்க் கை கழுவி வருவதற்குள்
அதன்மேல் ஒரு கட்டெறும்பு.
இந்தக் கணக்கில் அது தெருநாய் நீளம்.

ஒரு புதன்கிழமை பிற்பகல்
நிஜமான ஒன்று போயிற்று.
ஜன்னல்கள் அதிர்ந்தன. தட்டில் பற்கள் தாமே கிட்டித்தன.
மெஹ்ராஜ் தெருவுக்கு ஓடினாள்.
சத்தம் இருந்த இடத்தில் வெறும் வானம்.
“சூலூரிலிருந்து வந்திருக்கும்” என்றார் டீக்கடையில் யாரோ.
நான் உள்ளேயே இருந்தேன்.
அந்தச் சத்தத்துக்கு அடியில்
வேறு ஊர்களில் என்ன விழுகிறதென்று
டிவியில் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது.

ஏவுகணைகள் எட்டு.
சட்டத்திலிருந்து நான் வெட்டவில்லை.
அவற்றை எங்கே மாட்டுவதென்று சொல்லும் பக்கத்தை
நாலாக மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.
ஆகவே பின்னிருக்கைக்காரிக்கு
இப்போது ஒரு வேலையும் கிடையாது.
ஜன்னல் வழியே சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கலாம்.
ஏற்காட்டு வளைவுகளில்
ஒரு லாரி விளக்கு மறைந்து மறைந்து ஏறுகிறது.
எழுபத்திரண்டால் வகுத்தால்
மொத்த மலையும் ஒரு தென்னை உயரம்.
வகுத்துப் பார்த்தேன்.
மலை அப்படியேதான் நிற்கிறது.

விமானம் பிரிட்ஜ் மேல்.
கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம்
இறக்கை நுனி நடுங்கும்.
இடது சக்கரம் அரை மில்லி குட்டை,
லேபாக இருந்தால் திரும்பி வந்திருக்கும்.
யாரும் அலறவில்லை.