பொருள் எண் ஏழு

செவ்வாய் மாலை ஆறரை மணி.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினொன்று.
வடக்கு டகோட்டாவில் எங்கள் கவுண்டிக்கு
ஐந்து உறுப்பினர்கள், ஒரு காபி இயந்திரம்,
கூட்டக் குறிப்பு எழுத நான்.

சரளைக்கல் டெண்டர் நிறைவேறியது.
நாய் உரிமக் கட்டணம் இரண்டு டாலர் ஏறியது;
அதற்கு நாற்பது நிமிடம்,
கைகலப்பு ஒன்றுதான் பாக்கி.
பிறகு ஏழாவது பொருள்:
படையிலிருந்து திரும்பியவர்களுக்கெனத்
தனி நீதிமன்றம் வைக்கலாமா.
சிறைக்குப் பதில் சிகிச்சை,
வாரம் ஒருமுறை நீதிபதி முன் வந்து நிற்பது,
சிறுநீர்ச் சோதனை, பஸ் பாஸ்,
ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்குச் சம்பளம்.

நீதிபதி ரஸ்முசென் கணக்கோடு வந்திருந்தார்.
சிறையில் இன்றிரவு எண்பத்து நான்கு பேர்.
சீருடை போட்டவர்கள் பதினேழு.
"அதில் ஒன்பது பேர் பெயரை
ஃபைலைப் பார்க்காமலே சொல்வேன்" என்றார்.
"அத்தனை தடவை உள்ளே அனுப்பியிருக்கிறேன்."

ஆரின் ஸ்லாபா கண்ணாடியைக் கழற்றினார்.
அவர் கண்ணாடியைக் கழற்றினால்
எனக்கு அரைப் பக்கம் கூடும்.
"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?
துளை போடும் மெஷினைத் திருடியவன்
ஒரு காலத்தில் எந்தத் தொப்பி போட்டிருந்தான் என்று
கடைக்காரன் ஏன் பார்க்கணும்?"
தப்பில்லாத கேள்வி. எழுதிக்கொண்டேன்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.

லைல் ட்வெட் மைக் முன் வந்து நின்றார்.
தொப்பியை மடித்தார். பிரித்தார். மடித்தார்.
பச்சை மஞ்சளாகும் வரை அவ்வளவுதான்.
மௌனத்தைப் பதிவு செய்ய
எங்கள் படிவத்தில் இடமில்லை.
பிறகு சொன்னார்:
"வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு விட்டு விட்டு எரிந்தது.
கவுண்டிக்கு மூன்று தடவை போன் செய்தேன்.
நான்காவது தடவை சுட்டேன்."
யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.
"அறுநூற்று நாற்பது டாலர், அறுபது நாள்.
சிறையில் விளக்கை அணைக்கவே மாட்டார்கள்,
தெரியுமா உங்களுக்கு?"
சிவப்பு.

மார்பில் பட்டால் விழுப்புண்,
முதுகில் பட்டால் பழி.
வாளும் வேலும் இருந்த காலத்துக்கு
அந்த இரண்டு சொல் போதும்.
லைலின் சட்டைக்குள் முன்னும் பின்னும்
ஒரு கீறல் இல்லை.

அடுத்து கோர்லிஸ் பென்னிங்,
பள்ளிச் சமையலறை ஏப்ரனோடு.
"வைக்கட்டும், நல்லது.
என் மகன் எந்தப் போருக்கும் போகவில்லை.
கூரை வேலையில் விழுந்தான்.
மாத்திரை கொடுத்தார்கள், நிறுத்தினார்கள்,
வேறு எதையோ தேடிப் போனான்.
அவனுக்கு எந்தக் கோர்ட்?"
நேரம் மிச்சமிருந்தும் உட்கார்ந்துவிட்டார்.
பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது,
அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.
ரஸ்முசென் தன் காகிதங்களில்
இல்லாத ஒரு பக்கத்தைத் தேடினார்.

நான் எழுதியது:
பொருள் 7. விவாதம் நடந்தது.
செலவு விவரம் கேட்டு
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
ஆதரவு ஐந்து. எதிர்ப்பு இல்லை.

எழுதாதது:
கடைசியாகக் கதவைப் பூட்டப் போனேன்.
வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கம்பம்,
நவம்பரிலிருந்து கண் சிமிட்டுகிறது.
பழுது மனு என் மேசையிலேயே இருக்கிறது,
இரண்டாவது தட்டில்.
கம்பத்தின் கீழே லைலின் வண்டி.
உள்ளே லைல், ஸ்டியரிங்கில் இரு கை.
எஞ்சின் கிளம்பவில்லை,
அல்லது அவர் கிளப்பவில்லை.

திரும்பி உள்ளே போனேன்.
சுவிட்ச் பெட்டியில் 'வெளி' என்று
யாரோ பென்சிலால் எழுதியிருந்ததை
ஒருவரையும் கேட்காமல் இறக்கினேன்.

இருட்டு.
ஆரின் ஸ்லாபா சாவியைத் தவறவிட்டு
பனிக்குள் துழாவிக்கொண்டே
கவுண்டியைத் திட்டுவது கேட்டது.
பிறகு ஒரு எஞ்சின்.