மீன்முள்

கப்பலூர் சிட்கோவில் மதியம் இரண்டு மணி.
ரப்பர் வேகிற வாடை ஏசியைத் தாண்டி உள்ளே வரும்.
புனேக்காரர்கள் திருப்பியனுப்பிய
நாலாயிரத்து இருநூறு ஓ-ரிங்
என் மேசைக்குக் கீழே, மூட்டையில்.

ஒயிட்போர்டைத் திறந்தேன்.
இழுக்க இழுக்க வெள்ளை
போய்க்கொண்டே இருந்தது.
எனக்கு அதைப் பார்த்தால் பயம்.
டெம்ப்ளேட் ஒன்றை எடுத்துப் போட்டேன்.
காரணம் தேடும் மீன்முள்:
தலையில் பிரச்சினை, நடுவில் தண்டெலும்பு, ஆறு முள்.
எந்த ஊரிலோ யாரோ
முன்கூட்டியே எழுதிவைத்த ஆறு பெயர்.
முதல் முள்: ஆள்.

ஓசூரிலிருந்து ஒரு அம்பு, புனேயிலிருந்து ரெண்டு,
எம்.டி.யின் ஊதா அம்பு,
அவரவர் பெயரை வாலில் கட்டிக்கொண்டு
திரையில் அலைந்தன.
பெரியார் பஸ் ஸ்டாண்டில்
முதலில் வந்த வண்டியிலேயே எல்லாரும் ஏறுவது போல
முதல் முள்ளில்தான் கூட்டம்.
நைட் ஷிப்ட் யாரு?
தவமணி.
நான்தான் டைப் அடித்தேன்:
"தவமணி – கவணக்குறைவு".
மஞ்சள் எடுப்பாக இல்லை என்று
சிவப்பாக்கினேன்.

அப்போது பெயரில்லாத ஒரு அம்பு வந்தது.
விருந்தினர் என்றது.
சூப்பர்வைசர் ரூம் கம்ப்யூட்டராக இருக்கலாம்.
சிவப்புச் சீட்டின் மேல் வந்து
நின்றது.
பிறகு, மவுஸ் பழகாத கை,
வளைந்து வளைந்து
எந்திரம் என்ற முள்ளுக்குப் போய்
ஒரு சீட்டை ஒட்டிவிட்டு மறைந்தது.
சீட்டில் ஒரு எழுத்தும் இல்லை.
"யாருப்பா காலியா போட்டது?" என்றார் எம்.டி.
அழித்தேன்.

நாலாம் நாள் அச்சைக் கழற்றினோம்.
பதினேழாம் குழியில் மயிரிழைக் கீறல்.
ஷிப்ட் நோட்டில் பென்சிலில் இருந்தது,
மூன்று வாரம் முந்திய தேதியில்:
"17ல கீறல். சொல்லியாச்சு."
யாரிடம் என்று எழுதவில்லை.
என்னிடம்தான்.

ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினேன்.
பிரஸ் ஓடுகிற சத்தத்தில்
தவமணியிடம் ஏதோ சொன்னேன்.
காதில் பஞ்சு வைத்திருந்தார்.
தலையாட்டினார்.

பொங்கல் கழிந்து ஓசூரிலிருந்து பிரிசில்லா கூப்பிட்டாள்,
வேலைக்குப் புதுசு.
"மேடம், நம்ம மீன்முள் டெம்ப்ளேட்ல
தவமணின்னு வருதே,
அது ஏதும் மெஷின் பேரா?"

அன்று மீட்டிங் முடிகிற அவசரத்தில்,
படம் நல்லா வந்திருக்கே என்று எல்லாரும் சொல்ல,
அமுக்கியிருக்கிறேன்:
டெம்ப்ளேட்டாகச் சேமி.
சீட்டோடு.

நாற்பத்தொரு போர்டு.
வால்வு கசிவு, லாரி தாமதம், கேண்டீன் சாம்பார்,
ஜெனரேட்டர் டீசல் குறைவது,
எல்லாவற்றிலும் முதல் முள்ளில் அவர்.
சிலர் அழித்திருந்தார்கள்.
சிலர் அவருக்குப் பக்கத்திலேயே
தங்கள் ஆளையும் ஒட்டியிருந்தார்கள்.
ஒருவர் எழுத்துப்பிழையை மட்டும்
திருத்தியிருந்தார்.

டெம்ப்ளேட்டில் அழித்தால்
இனிப் பிறப்பதுதான் சுத்தம்.
பிறந்தது பிறந்ததுதான்.
ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
இருபத்தாறாவதைத் திறந்ததும் கரண்ட் போய்
நெட்டும் போனது.

கேண்டீனில் எதிர் பெஞ்சில் தவமணி.
தூக்குவாளி மூடியில்
அயிரைக் குழம்பு ஊற்றி என் பக்கம் தள்ளினார்.
"சாப்பிடுங்க மேடம்.
முள்ளு இருக்கும். எடுக்க வேண்டாம்,
அப்படியே போயிரும்."

மென்றுகொண்டிருந்தேன்.
இன்னும் பதினாறு.