இரண்டாவது அலைக்கு முன்

மலையில் ஒரு படிக்கட்டு இருந்தது.
உச்சியில் வீடில்லை, கோயிலில்லை,
காவல் கூண்டுகூட இல்லை.
எண்பது படி ஏறினால் புல். அவ்வளவுதான்.
போரில் தோற்றுத் தீவை விட்டுப் போன ஜப்பானியர்கள்
இதை எதற்குக் கட்டினார்கள் என்று
நாம் சிரித்திருக்கிறோம், கிளாஃபிரா.
அதன் மரக் கைப்பிடியை
முதல் குளிர்காலத்திலேயே பிடுங்கி
அடுப்பில் வைத்தது நீயும் நானும்தான்.
நன்றாக எரிந்தது.

ஐம்பத்திரண்டு, நவம்பர் ஐந்து.
விடிய வெகுநேரம் இருந்தது.
நிலம் குலுங்கியது.
எரிமலையின் காலடியில் குடியிருப்பவர்களுக்கு
அது என்ன புதிதா?
உடைந்த தட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டுப்
படுத்துவிட்டோம்.

பிறகு நீர்.

முதல் அலை அப்படியொன்றும் பெரிதில்லை.
சொல்லவே வெட்கமாக இருக்கிறது,
துறைமுகத் தெரு முழுதும் அதில்தான் போனது.
இரவு உடையில், வெறுங்காலில்
அந்தப் படிகளில் ஏறினோம்.
பனி உறைந்து வழுக்கியது.
கைப்பிடி இருந்திருக்க வேண்டிய இடத்தில்
கை காற்றைப் பிடித்தது.
எதற்குக் கட்டினார்கள் என்று
அன்று யாரும் கேட்கவில்லை.

கடல் வடிந்தது.
தேய்பிறை வெளிச்சத்தில் ஜலசந்தியின் அடிவயிறு தெரிந்தது.
முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.
குளிர் வேறு.
பாய்லர் தெரெந்தி பூட்ஸுக்காக இறங்கினான்.
ஸினாய்தா கட்சி அட்டைக்காக,
அது நனைந்தால் விசாரணை உண்டு.
லுக்கியான்
ஏழாம் தேதி ஊர்வலத்துக்குத் தைத்து வைத்த செங்கொடிக்காக.
கனத்த துணி, நாலு பிள்ளைகளைப் போர்த்தலாம் என்றான்.
யாரோ ஒருவர் பசுவைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

நீ கோட்டுக்காக.
கழுத்தில் நரி ரோமம் வைத்தது,
மூன்று பருவம் மீன் அறுத்த காசு.
ஐந்தே நிமிடம் என்றாய்.
மகாரை என் இடுப்பில் மாற்றிவிட்டு
நாலு படி இறங்கினாய்.
அப்போதுதான் நான் சொன்னேன்:
என் சால்வையையும் எடுத்து வா.
கதவுக்குப் பின்னால், ஆணியில். சாம்பல் நிறம்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது அலையை நான் பார்க்கவில்லை.
பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்திருந்தேன்.
கேட்டது மட்டும்:
தொழிற்சாலை முற்றத்தின் அத்தனை மரப்பெட்டிகளையும்
யாரோ ஒரே சமயத்தில் மிதிப்பது போல.
தீவிலேயே பிறந்தவன், ரயிலையே பார்த்திராதவன்,
உன் மகன் சொன்னான்: ரயில் வருகிறது.

சகாலினுக்கு ஏற்றிப்போன கப்பலில் ஒரு பத்திரிகை கிடைத்தது.
அணிவகுப்பு. கோதுமை விளைச்சல். சதுரங்கப் போட்டி.
தூரக் கிழக்கில் மிதமான காற்று.
இறங்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள்.
எங்கிருந்து வருகிறோம் என்று
எங்கும் சொல்லமாட்டோமாம்.
பேனாவின் மை உறைந்திருந்தது.
ஊதி ஊதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடலுக்கு எட்டாத பெர்ம் நகர நூலகத்தில்
அதன் பெயரை முதன்முதலாகப் படித்தபோது
எனக்கு நாற்பத்தைந்து வயது.
சுனாமி. துறைமுக அலை என்று பொருளாம்.
எழுதியவர் ஈரமே படாத மனிதர் போலும்.
லிஸ்பன் இருந்தது. கிரகடோவா இருந்தது.
சன்ரிக்கு இரண்டு முறை இருந்தது.
லிஸ்பனில் கடல் உள்வாங்கியபோது
தரையில் கிடந்த பழைய கப்பல்களைப் பார்க்க
மக்கள் இறங்கிப் போனார்களாம்.
அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
நூலகத்தை மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அவர்களில் எத்தனை பேரிடம்
மேலே நின்ற ஒருத்தி
எதையாவது எடுத்து வரச் சொல்லியிருப்பாள்?

நம் ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை.
அடுத்த பக்கத்திலும்.

மகார் லாரி ஓட்டுகிறான்.
முதல் சம்பளத்தில் எனக்கொரு சால்வை வாங்கி வந்தான்.
சாம்பல் நிறம். அவனுக்கு எதுவும் தெரியாது.
கதவுக்குப் பின்னால் ஆணியடித்து
அவனே மாட்டினான்.

நான் போர்த்தியதில்லை.
குளிரெடுத்தால்
எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு
அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்,
ஐந்து நிமிடம்.