பதினான்கு அடி

விற்றுவிட்டோம், முப்பத்தொரு அடி நீள வண்டியை.
வாங்க வந்தது மூஸ் ஜாவிலிருந்து ஒரு தீசன் குடும்பம்,
மூன்று பிள்ளைகள், நான்காவது வயிற்றில்.
விலை படிவதற்குள் நடுப்பையன்
பின்பக்க அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறி
ஷூவோடு தூங்கிப்போனான்.
அப்புறம் என்ன பேரம்.
நார்வல் தானாகவே ஐந்நூறு டாலர் குறைத்திருக்கிறான்.
எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

அந்தக் கட்டில்களில் எங்கள் பிள்ளைகள் படுத்து
பதினொரு வருடம்.
பிறகு அங்கே படுத்திருந்தவை
மடக்கு நாற்காலிகள், ஒரு மீன்வலை,
என்றைக்காவது காற்றடிக்கலாம் என்றிருந்த ரப்பர் படகு.
அவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் குன்றேறினோம்
ஒவ்வொரு கோடையும், பெட்ரோலை ஊற்றி ஊற்றி.

புதியது பதினான்கு அடி.
வாங்கிய அன்றே தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினோம்.
கோதுமை லாரிகளுக்கு நடுவே
யாரோ மறந்து விட்டுப்போன ஃபிரிட்ஜ் மாதிரி நின்றது.
வெண்டல் எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"இதற்குள் ரெண்டு பேருமா?"
"சண்டை இல்லாத நாட்களில்" என்றேன்.

சமையலறைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி
எதை எடுக்க எதை விட என்று மூன்று மாலை.
இரண்டு தட்டு. இரண்டு கோப்பை.
மூன்றாவது கோப்பையை நான் வைக்க, அவன் எடுக்க,
நான் வைக்க.
"யாராவது வந்தால்?"
"கோப்பையோடு வரட்டும்."
வார்ப்பிரும்புச் சட்டி மட்டும் மூன்று கிலோ.
அதற்காக ஸ்பானர் பெட்டியில் பாதியைத் துறந்தான்.
துறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும், முகம் அப்படி.

உள்ளே ஒரே ஒரு சட்டம்:
ஒருவர் நடந்தால் மற்றவர் உட்கார வேண்டும்.
மேசையை இறக்கினால் கட்டில்,
கட்டிலை மடித்தால் மேசை, அடுப்புக்கு வழி.
முந்தி விழித்தவருக்குக் காபி கிடையாது
பிந்தி விழிப்பவர் எழும்வரை.
ஐந்து மணிக்கு விழிக்கிறவன் அவன்.
மல்லாந்து கிடந்து கூரையின் ரிவெட்டுகளை எண்ணுகிறான்.
முதல்நாள் நாற்பத்திரண்டு.
மறுநாள் நாற்பத்தொன்று என்று கவலைப்பட்டான்.

சைப்ரஸ் குன்றுகளில் மூன்றாம் இரவு மழை பிடித்தது.
சண்டை எதற்கென்று கேட்டால் சிரிப்பீர்கள்,
தண்ணீர்த் தொட்டியின் மூடி.
பழைய வண்டியில் சண்டைக்கென்று இடம் இருந்தது.
அவன் பின்னறைக்கு, நான் முன்பக்க சோபாவுக்கு,
நடுவே இருபது அடி.
விடிந்தால் யாரும் வாயெடுக்காமலே ஆறியிருக்கும்,
ஆறியதாக நினைத்துக்கொள்வோம்.
ஒன்பது வருடம் அப்படியே தனித்தனியாகத் தூங்கினோம்,
பழி குறட்டையின் மேல்.

இங்கே கதவைத் திறந்தால் வெளிதான்.
திறந்தேன். போனேன்.
நைட்டியில், செருப்பு கால்மாறி,
பைன் மரத்தடியில்.
மரம் மழையை நிறுத்தவில்லை,
சேர்த்துவைத்துப் பெரிய சொட்டாகப் போட்டது.
பக்கத்துக் கூடாரத்து நாய் தலைதூக்கிப் பார்த்து,
இது நம் விவகாரம் இல்லை என்று படுத்துக்கொண்டது.

ஜன்னல் திறந்தது, ஒரு சாண்.
முதலில் மழைக்கோட்டு வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து டார்ச்.
பிறகு ஆவி பறக்க ஒரு கோப்பை,
அவன் வேண்டாமென்று எடுத்து வைத்தானே, அது.
(மற்ற இரண்டும் கழுவாமல் கிடந்திருக்கும்.
அதிகம் நினைக்காதே, ஆர்டிஸ்.)

"கட்டிலை மடித்துவிட்டாயா?"
"மடிக்காமல் அடுப்புக்கு எப்படிப் போவது?"
இரவு மணி இரண்டு.

படியில் ஏறினேன், தரையெல்லாம் ஈரமாக்கி.
நான் உள்ளே வர
அவன் உட்கார்ந்தான்.